எருமை மேற்கே போன கதை

நீளமான கைப்பிடியின் நுனியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்த வட்டக் கண்ணாடி அது. டாக்டர் அதை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டிச் சூடாக்கி, என் நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு, தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். "ஈ... சொல்லுங்க" என்றார். எனக்கு வந்தது ஈயும் இல்லை, ஊவும் இல்லை. துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம். கண்ணாடியை வெளியே எடுத்துத் துடைத்தபடி, மண்வெட்டி பிடிக்கிறவர்களின் உள்ளங்கையில் காய்ப்பு வருமே, அதுபோல என் குரல் நாண்கள் இரண்டிலும் வந்திருக்கிறது என்றார். "ரெண்டு மாசம் பேசக் கூடாதுங்க. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்." நான் டீச்சர் என்று சொன்னேன். "அதனாலதாம்மா சொல்றேன்" என்றார்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. கருமத்தம்பட்டியைத் தாண்டி, அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில், ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது எங்கள் பள்ளி. கோயமுத்தூரைச் சேர்ந்த சில பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கியது. ஜெர்மனியில் பிறந்த வால்டார்ஃப் முறை என்று அதற்குப் பெயர். பாடப்புத்தகம் கிடையாது, டீச்சர் கதையாகச் சொல்வதைக் கேட்டு, மறுநாள் குழந்தைகள் அதை நினைவிலிருந்து திருப்பிச் சொல்லி, பிறகு வரைந்தும் எழுதியும் தாங்களே தங்கள் புத்தகத்தைச் செய்துகொள்வார்கள். பரீட்சை கிடையாது. எல்லாவற்றையும்விட என்னை மயக்கியது வேறொன்று. ஒன்றாம் வகுப்பில் ஒரு டீச்சரிடம் ஒப்படைக்கப்படும் குழந்தைகளோடு அதே டீச்சர் எட்டாம் வகுப்புவரை கூடவே போவார். எட்டு வருடங்கள். அதற்கு முன்னால் நகரத்து மெட்ரிக் பள்ளியில் வருடத்துக்கு இருநூறு முகங்களைப் பார்த்து மறந்துகொண்டிருந்த எனக்கு, பதினோரு குழந்தைகள், எட்டு வருடங்கள் என்பது ஒரு கல்யாணத்துக்குச் சம்மதிப்பது போல இருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்தப் பதினோரு பேரும் என்னுடையவர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில்தான் எல்லாமே தொடங்கியது.

நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கரும்பலகையில் வண்ணச் சாக்குக் கட்டிகளால் நான் வரைந்த மலையையும் மழையையும் பார்க்கப் பெற்றோர்கள் மாலையில் வந்து நிற்பார்கள். ஒரு கதையை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டுதான் வகுப்புக்குள் நுழைவேன். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். என் தமிழ் படித்து வந்த தமிழ், அதனால் இன்னும் கவனமாகப் பேசுவேன். தோப்பின் வேலிக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம் ஒன்று இருந்தது. காலை முதல் மாலை வரை தடதடவென்று ஓயாத சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி நின்றுதான் மூன்று வருடங்கள் கதை சொன்னேன். தொண்டையில் வந்த காய்ப்பு அங்கிருந்துதான்.

என் பதினோரு பேரில் ஒரு சிறுமி பேசவே மாட்டாள். அவளுடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள் என்று அவள் அம்மா சொல்வார். பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. இரண்டு பள்ளிகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு காலையும் நான் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையின் கையையும் பிடித்து, பெயர் சொல்லி வணக்கம் சொல்வேன். குழந்தைகள் டீச்சர்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கை குளிர்ந்து, சின்ன வெண்டைக்காய் போல என் கைக்குள் இருக்கும். ஒரு நொடி கூடுதலாகவே பிடித்திருப்பேன். இன்றைக்குச் சொல்வாளோ என்று அவள் உதட்டையே பார்ப்பேன். தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் நினைத்துப் பார்க்கிற முதல் முகம் அவளுடையதுதான். அவள் பேசப்போகும் நாளை நான் பல விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அத்தனை கற்பனையிலும் அவள் பேசியது என்னிடம்தான்.

டாக்டர் சொன்னதைப் பள்ளியைத் தொடங்கியவர்களில் மூத்தவரிடம் எழுதிக் காட்டினேன்; எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அழைப்போம். அவர் சற்று யோசித்து, என் வகுப்பைக் கைவேலை டீச்சரிடம் ஒப்படைக்கலாம் என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கைவேலை டீச்சர் பல்லடத்துக்காரர். குழந்தைகளுக்கு நூலும் ஊசியும் கொடுத்துப் பின்னல் சொல்லித்தருவார். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வீட்டிலேயே எட்டுத் தறி ஓடுகிற குடும்பம். கூட்டங்களில் எதுவும் பேசாமல் மடியில் எதையாவது பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேறு ஆள் இல்லை என்பதால் தலையை ஆட்டினேன். ஆனால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, ஈரத்தாளில் ஓவியம் தீட்டத் தாள் நனைத்து வைப்பது, வண்ணம் கலப்பது போன்ற வேலைகளைச் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். உதவிக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கைவேலை டீச்சரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவர் கரும்பலகையில் வரைந்த எருமையைப் பார்த்ததும் என் மனது குளிர்ந்தது. அது எருமையா, கவிழ்த்துப் போட்ட கட்டிலா என்று தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் விவசாயம் ஒரு பாடம். நான் எழுதி வைத்திருந்த கதைகளை அவரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதை மரியாதையோடு மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியையும் தள்ளிவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் கிட்ட வாங்க சாமி. இன்னும் கிட்ட." குழந்தைகள் முட்டி முட்டியோடு இடிக்க நெருங்கி வந்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேலே கத்திப் பயனில்லை என்று தெரியும்; சத்தத்துக்கு அடியில் குனிந்து போய்ப் பேசுவார்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பதினோரு முதுகுகள் மட்டும் தெரிந்தன. மூன்று வருடங்களாக நான் முகங்களாகவே பார்த்துவந்த குழந்தைகளுக்கு முதுகு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் என் கதையைச் சொல்லவில்லை. தன் ஊரில் காணாமல் போன ஓர் எருமையைத் தேடிப் போன கதையைச் சொன்னார் என்பது மறுநாள் குழந்தைகள் திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்கு விளங்கியது. ஆள் ஆளுக்கு முந்திக்கொண்டு சொன்னார்கள். என்னுடைய வகுப்பில் கை தூக்கிவிட்டுத்தான் பேசுவார்கள். நான் சிலேட்டை எடுத்து 'கை தூக்கச் சொல்லுங்கள்' என்று எழுதி உயர்த்திப் பிடித்தேன். கைவேலை டீச்சர் பார்த்துவிட்டு, "ஆமா, டீச்சர் சொல்றாங்கல்ல, கையத் தூக்குங்க" என்றார். எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர்கள் சிரிப்பதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டே வந்தேன். காலையில் வாசலில் அவர் கையைப் பிடித்துவிட்டு உள்ளே ஓடுகிற குழந்தைகளில் எத்தனை பேர் பின்னால் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு பையன் மட்டும், அதுவும் நான் வைத்திருந்த வண்ணக் கிண்ணத்தைப் பார்த்தான்.

நான்காவது வாரத்தில் அது நடந்தது. கைவேலை டீச்சர் முந்தின நாள் சொன்ன எருமைக் கதையின் கடைசிப் பகுதியைத் திருப்பிச் சொல்லித் தொடங்கினார். அன்று தறிக்கூடத்தில் சில தறிகளை நிறுத்திப் பாவு நூல் மாற்றினார்களோ என்னவோ, சத்தம் குறைவாக இருந்தது, எனக்கும் கேட்டது. "அப்பறம் அந்த எருமை என்ன பண்ணுச்சு, கயித்த அத்துக்கிட்டுக் கெழக்கால போச்சு..." என்றார்.

"மேக்காலீங்க" என்றது ஒரு குரல்.

எனக்குத் தெரியாத குரல். கொஞ்சம் கட்டை. எந்தக் குழந்தை என்று தேடினேன். மற்ற பத்துப் பேரும் லேத் பட்டறைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கைவேலை டீச்சர், தரையில் வழியைக் கோடிட்டுக் காட்டக் கையில் வைத்திருந்த குச்சியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஆமா அம்மணி, மேக்காலதான். நான் மறந்துபோட்டேன். மேக்கால போச்சு, அங்க ஒரு கெணறு..." என்று கதையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிறுமி இன்னொன்றும் கேட்டாள்: "கெணத்துல தண்ணி இருந்துதுங்களா?"

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் ஒரு நொடிதான். மூன்று வருடக் காலைகள் நான் பிடித்திருந்த கை அது. பிழையே இல்லாமல் நான் சொன்ன அத்தனை கதைகளுக்கும் வாய் திறக்காதவள், கிழக்கையும் மேற்கையும் மாற்றிச் சொன்ன ஒருத்திக்காகத் திறந்தாள். நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றேன். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் பள்ளியைத் தொடங்கிய அம்மாவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். வால்டார்ஃப் முறையிலிருந்து கைவேலை டீச்சர் எங்கெல்லாம் விலகுகிறார் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஆசிரியர்கள் கூடி முடிவு செய்த கதைகளை அவர் சொல்வதில்லை. கரும்பலகைச் சித்திரத்தில் அழகில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் கறுப்பு வண்ணம் கொடுப்பதில்லை என்பது எங்கள் பள்ளியின் வழக்கம். எருமைக்காக அவர் கறுப்பு மெழுகுக் கட்டிகளை வாங்கிவந்து கொடுத்துவிட்டார். எல்லாம் உண்மை. அவரைப் பற்றி எழுதியதில் ஒரு வரியில்கூடப் பொய்யில்லை. லேத் பட்டறைக்காரர் மகள் பேசியதை மட்டும் நான் எழுதவில்லை. கடைசியில், என் குரல் தேறிவிட்டது, திங்கட்கிழமை முதல் வகுப்பெடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் எழுதினேன். அது பொய். இரண்டு மாதத்தில் பாதி நாள் இன்னும் மீதமிருந்தது.

வியாழக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அம்மா அதை வாசித்தார். அவர் வாசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தனியாக அழைத்துச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கைவேலை டீச்சர் பின்னிக்கொண்டிருந்த ஊசிகள் நின்றுவிட்டன. அம்மா கேட்டபோது, "எருமைய வேற என்ன கலர்லீங்க வரையறது?" என்று மட்டும் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் வகுப்பை நானே எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

கூட்டம் முடிந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க டீச்சர், நீங்க எழுதுனதெல்லாம் நெசந்தானுங்க. எனக்குப் படம் வராது. ஆனா அந்தப் புள்ள பேசுனத நீங்களே சொல்லுவீங்கன்னு சும்மா இருந்தேனுங்க. உங்க புள்ளையாச்சே, நான் முந்திக்கிட்டுச் சொன்னா நல்லா இருக்காதுன்னு." பதில் எழுத என்னிடம் சிலேட்டு இருந்தது. அதைப் பைக்குள் தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை வாசலில் நின்றேன். கரகரத்த குரலில் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன். அவள் கை பழையபடி குளிர்ந்திருந்தது, வாய் மூடியிருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு வெட்கமில்லாத ஒரு வேலை செய்தேன். நான் சொன்ன கதையில் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டேன். மழை தெற்கிலிருந்து வந்தது என்று முதல் நாள் சொன்னதை மறுநாள் வடக்கு என்று மாற்றிச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அவளும் என்னை நேராகப் பார்த்தாள். எட்டு வயதுக் குழந்தைக்குப் புரிந்துவிட்டது. மெல்லத் தலையைக் குனிந்துகொண்டு பாயில் இருந்த நார் ஒன்றைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

இன்னொரு பகலையும் சொல்லிவிட வேண்டும். கைவேலை வகுப்பு தோப்பின் ஓரத்தில் ஓலைக் கொட்டகையில் நடக்கும். என் குழந்தைகள் அங்கே போயிருந்தார்கள். நான் வகுப்பில் தனியாக உட்கார்ந்து அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போயிற்று. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. அந்தச் சத்தம் நிற்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரியும். அந்த அமைதியில் கொட்டகையிலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. பின்னலில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினெட்டு, பத்தொம்பது... அக்கா, ஒண்ணு அவுந்துபோச்சுங்க, அய்யோ அக்கா!" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நோட்டை மூடினேன். கரண்ட் வரட்டும் என்று நினைத்தேன். தறிகள் மறுபடி ஓடட்டும், எனக்குக் கேட்காமல் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு குழந்தையின் சிரிப்பு கேட்காமல் போகட்டும் என்று நினைத்த டீச்சர் நான்.

வருடக் கடைசியில் கைவேலை டீச்சர் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் தறி வேலை அதிகம் என்று காரணம் சொன்னார். நான்காம் வகுப்பு தொடங்கி ஒரு மாதத்தில் என் குரலும் மொத்தமாக விட்டுப்போயிற்று. டாக்டர் மறுபடி அந்தக் கண்ணாடியை விட்டுப் பார்த்து, "நான் சொன்னதக் கேக்கலையே" என்றார். ஆபரேஷன் செய்துகொள்ளலாம், ஆனால் நாள் முழுக்கப் பேசும் வேலையை மறந்துவிட வேண்டும் என்றார். ஐந்து வருடங்கள் பாக்கி இருந்தன. பதினோரு குழந்தைகளையும் யாரிடம் கொடுப்பது என்று அம்மா கேட்டபோது என் மனதில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. வரக் கூடாது என்று இரண்டு நாட்கள் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பல்லடம் போனேன். தறிக்கூடமும் வீடும் ஒன்றாக இருந்தன. என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளை நீட்டினேன். கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்டிருந்தேன். வகுப்பை ஏற்றுக்கொள்ளும்படியும் கேட்டிருந்தேன். அவர் நின்றபடியே படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். தறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் என் அருகில் வந்து காதோரமாகப் பேசினார். சத்தத்துக்கு அடியில் போகும் அவருடைய அந்தக் குரல் முதன்முறையாக எனக்கு முழுதாகக் கேட்டது.

"வாரேனுங்க. புள்ளைங்களுக்காக வாரேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவை நீங்க பின்னாடி வந்து உக்காராதீங்க டீச்சர். நீங்க பாத்துட்டே இருந்தா எனக்குக் கை காலெல்லாம் நடுங்குமுங்க. அன்னிக்குக் கெழக்கு மேக்கு மாறுனதும் அதுலதான்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த நாலு வாரமும் என் பார்வை தன் முகத்தில் குத்திக்கொண்டிருக்கத்தான் அவர் கதை சொல்லியிருக்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவர் அந்தக் குழந்தைகளை எட்டாம் வகுப்புவரை கொண்டுபோனார். நான் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடங்கள் அதே பள்ளியில் மற்ற வகுப்புகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுத்தேன். வண்ணத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு நாள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு குழந்தை என்னைக் காட்டி, "அது யாரு?" என்று கேட்டபோது, என் பதினோரு பேரில் ஒருவன், "அவுங்க எங்க பழைய அக்கா" என்றான். பிரியமாகத்தான் சொன்னான். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தப் 'பழைய' என்ற சொல்லையே மென்றுகொண்டிருந்தேன்.

சென்ற மாதம் லேத் பட்டறைக்காரர் மகள் தன் குழந்தையின் காது குத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்திருந்தாள். பட்டறையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வந்த ஒரு மணி நேரத்தில் நாலு முறை போன் வந்தது. நாலு முறையும் யாரையோ நன்றாகத் திட்டினாள். கட்டைக் குரல்தான், அப்படியே இருந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். கைவேலை டீச்சர்கிட்ட பேசினே, என்கிட்ட ஏம்மா பேசவே இல்லை?

அவள் யோசிக்கக்கூட இல்லை. "நீங்க எப்பப் பாத்தாலும் நான் பேசறதுக்குன்னே காத்துட்டு இருந்தீங்கக்கா. அவுங்க காத்திருக்கல, அதாங்க. நீங்க காத்திருக்கறது எனக்கு நல்லாத் தெரியும். என் கையப் புடிச்சா விடவே மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தாள்.

அந்த வாரமே கைவேலை டீச்சர் போன் செய்தார். காது குத்துக்கு எந்தப் பஸ்ஸில் வருகிறீர்கள், சேர்ந்தே போகலாமா என்று கேட்டார். அவள் சிறுமியாக இருந்தபோது அவர் பின்னிக்கொடுத்த தொப்பி இப்போது அவள் குழந்தையின் தலையில் இருக்கிறதாம்; சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மற்ற பத்துப் பேரும் வருகிறார்களாம், எல்லோரும் அவருக்குத்தான் முதலில் போன் செய்தார்களாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் சொன்னதைச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே. நான் காத்திருந்தது அவளுக்குத் தெரியும் என்ற அந்த ஒன்று மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, எந்தப் பஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.